பனிக்கடற் கப்பல்களும் கோணமலைத் துறைமுகமும்

திருக்கோணமலையின் உட்குடாவைச் சூழ்ந்து வாழ்வோர் உறைபனியைக் கண்டறியார். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வீசும் விடியற்பொழுதிலும் இங்கே வெப்பநிலை 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. (இக்கட்டுரையிற் கூறப்படும் பாகைகள் யாவும் சென்ரிகிரேட் அளவைக்குரியவை.) அடுக்களையிலுள்ள தேங்காயெண்ணெய்ப் போத்தல் அந்நாட்களில் வெண்மையாய் உறைந்துவிடும், அதனை வெயிலில் வைத்து இளக்கிக்கொள்வதே இப்பகுதியினர் குளிரோடு நடத்தும் பெரும்போர் எனலாம். ஆயினும், கப்பல்துறை, சீனக்குடா முதலிய ஊர்களின் அருகே விரிந்து கிடக்கும் இந்த உட்குடாவில் 1944ஆம் ஆண்டில் நங்கூரமிட்ட போர்க்கப்பல்களுட் சில, உலகின் மிகக் கொடிய குளிர்க்கடலில் உழன்று மீண்டவை. அக்கப்பல்களின் பொறிகள் உறைபனியில் எவ்வாறு காக்கப்பட்டன, அதே பொறிகள் இந்த வெப்பக் கடலுக்கு வந்தபோது என்ன இன்னலுற்றன என்பது, இத்துறைமுக வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி.

துறைமுகத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கோட்டையையும் கொடியையும் பற்றியே எழுதுகின்றனர். போர்த்துக்கேயர் சென்றனர், ஒல்லாந்தர் வந்தனர், பிரஞ்சுக்காரர் பறித்தனர், ஆங்கிலேயர் நிலைத்தனர் என்று அடுக்கிச் செல்லும் அவ்வரலாறு பிழையானதன்று. எனினும், ஒரு கப்பற்படை ஒரு துறைமுகத்தை நாடுவதன் முதற்காரணம் அதன் கப்பல்கள் தொடர்ந்து இயங்கவேண்டும் என்பதே. பாய்மரக் காலத்தில் இது இன்னுந் தெளிவாகத் தெரிந்தது. அக்காலத்து ஐரோப்பியக் கடற்படையினர் வங்கக் கடலிற் குளிர்காலம் என்று குறித்தது குளிரையன்று. வடகீழ்ப் பருவக்காற்றின் புயலையும் மழையையுமே குறித்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை சோழமண்டலக் கரையிலே கப்பல் ஒதுங்குவதற்கு ஒரு நல்ல துறை இல்லை. ஆதலால் சென்னையை அடுத்து நின்ற ஆங்கிலக் கப்பல்கள் பாயையும் பாய்மரத்தையும் செப்பனிட்டுக்கொள்ளப் பம்பாய் வரை சுற்றிச் செல்ல நேர்ந்தது. 1782 சனவரியில் ஆங்கிலத் தளபதி ஹியூஸ் திருக்கோணமலையைப் பிடித்ததற்கும், அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியிற் பிரஞ்சுத் தளபதி சுப்ரேன் அதனை அவரிடமிருந்து பறித்ததற்கும் இத்தேவையே அடிப்படை. புயற்காலத்தைப் பழுதின்றிக் கழித்த கப்பற்படையே அடுத்த ஆண்டிற் கடலை ஆளும் என்பதை இருவரும் நன்கறிந்திருந்தனர்.

பாய்மரம் போய் நீராவி வந்தது. நிலக்கரி போய் எண்ணெய் வந்தது. காற்றுக்கு அஞ்சவேண்டிய நிலை பெரிதும் நீங்கிற்று. ஆனால் பொறி என்பது பாயைவிட நுண்ணிய பொருள். பாய் கிழிந்தால் தைக்கலாம். பொறியோ வெப்பநிலை சற்றுப் பிறழ்ந்தாலே முரண்டு பிடிக்கும். குளிர் அதனை நான்கு வழிகளில் தாக்குகிறது.

முதலாவது எண்ணெய். தேய்மானத்தைத் தடுக்கும் மசகெண்ணெய் குளிரிலே தேன்போலாகி, மேலும் குளிர்ந்தாற் பசைபோலாகிவிடும். சுழற்றண்டைத் திருப்புவதற்கே பெரும் வலு தேவைப்படும்; அவ்வாறு வலிந்து திருப்பினாலும், எண்ணெய் உரிய இடங்களுக்குப் பாய்ந்து சேருமுன் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து தேயும். இரண்டாவது பற்றறி. அதனுள்ளே நிகழும் இரசாயன மாற்றம் குளிரில் மந்தமடைவதால், உறைநிலைக்குக் கீழே 18 பாகை அளவில் அது தன் வழக்கமான வலுவிற் பாதியளவையே தரவல்லது. பொறி அதிக வலுவை வேண்டி நிற்கும் அதே வேளையிற் பற்றறி குறைந்த வலுவைத் தருவது குளிரின் இரட்டைச் சூழ்ச்சி. மூன்றாவது எரிபொருள். பெற்றோல் எளிதில் உறையாதெனினும், குளிரிலே ஆவியாக மறுக்கும். ஆவியாகாத பெற்றோல் தீப்பற்றாது. டீசலில் இயல்பாகவே மெழுகு கலந்திருக்கிறது. நம் தேங்காயெண்ணெய் உறைவதைப் போலவே அம்மெழுகு குளிரிலே திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும்.

நான்காவது நீர். மற்றைய மூன்றும் பொறியை நிறுத்தும். இதுவோ பொறியை உடைக்கும். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ பதினொன்றிலொரு பங்கு பெருகுகிறது. அப்பெருக்கத்தைத் தாங்கவல்ல வார்ப்பிரும்பு இல்லை. ஒரு வண்டியின் குளிர்நீரை இரவில் வடித்துவிட மறந்த சாரதி, காலையிற் பிளந்த பொறியையே காண்பான். இதற்கு மாற்றாகக் கிளைக்கோல் என்னும் திரவத்தை நீரோடு கலக்கும் வழக்கம் இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் பரவிற்று. இதில் ஒரு விந்தையுண்டு. தனிக் கிளைக்கோல் உறைநிலைக்குக் கீழே 13 பாகையிலேயே உறைந்துவிடும். நீரும் அதுவும் சரிபாதியாகக் கலந்த கலவையோ 35 பாகைக்கும் கீழே இறங்கினாலன்றி உறையாது. மிகுதியாகச் சேர்த்தால் மிகுதியான காப்பு என்று எண்ணுவோர் இங்கே ஏமாறுவர்.

இவ்வறிவு ஒரே நாளில் வந்ததன்று. 1908இல் ஷாக்கிள்டன் தென்துருவப் பகுதிக்கு ஒரு மோட்டார் வண்டியைக் கொண்டுசென்றார். காற்றினாற் குளிரும் பொறியைக் கொண்ட அவ்வண்டி கெட்டியான கடற்பனிமேல் ஓடிற்று. மென்பனியில் அதன் சில்லுகள் புதைந்தன. அவருக்குப் பின் சென்ற ஸ்கொட், மூன்று மோட்டார்ச் சறுக்கு வண்டிகளைக் கொண்டுபோனார். ஒன்று 1911 சனவரியிற் கப்பலிலிருந்து இறக்கப்படும்போதே பனியுடைந்து கடலுக்குள் மூழ்கிற்று. ஏனைய இரண்டும் அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியிற் புறப்பட்டுச் சில நாட்களிற் செயலிழந்தன. அவை குளிரால் உறைந்து நிற்கவில்லை. பாரம் இழுத்த உழைப்பிற் சூடேறி, உள்ளுறுப்புகள் முறிந்தே நின்றன. வெளியே எல்லாம் உறைந்திருக்க, உள்ளே பொறி வெந்து அழிந்தது. பொறிக்கு வேண்டியது குளிரும் அன்று, சூடும் அன்று, ஓரளவான வெப்பநிலை ஒன்றே என்னும் உண்மையை அத்துருவப் பயணிகள் பெருவிலை கொடுத்துக் கற்றனர். பிற்காலத்தில் இக்கடலுக்கு வந்த கப்பல்களின் வரலாற்றிலும் இதே உண்மை மீண்டும் தலைகாட்டுகிறது.

தரையிலே இப்பாடத்தைப் பெருஞ்சேனை ஒன்று கற்றது 1941இன் இறுதியில், மொஸ்கோ நகரின் வாயிலில். கோடையிலேயே போர் முடியுமென்று நம்பிய யேர்மன் படையினர் குளிர்காலத்துக்குரிய எண்ணெயையும் உறைதடுப்புத் திரவத்தையும் போதிய அளவு கொண்டுவரவில்லை. உறைநிலைக்குக் கீழே 30 பாகையிலும் அதற்கப்பாலும் குளிர் இறங்கியபோது, சாரதிகள் வண்டிகளின் எண்ணெய்த் தொட்டிக்கடியில் தீ மூட்டினர். இரவு முழுவதும் சில மணிக்கொருமுறை பொறிகளை இயக்கினர். நகராத வண்டிகள் நகரும் வண்டிகளுக்குரிய பெற்றோலைக் குடித்தன. அவர்களுடைய புகைவண்டிப் பொறிகளில் நீர்க்குழாய்கள் கொதிகலனுக்கு வெளியே அமைந்திருந்தமையால், அவை உறைந்து வெடித்தன. உணவும் குண்டும் பின்தங்கிய நிலையங்களிற் குவிந்து கிடக்க, முன்னணி வீரன் பட்டினி கிடந்தான். இரஷ்யரோ தம் நாட்டுக் குளிரைப் பிறப்பிலிருந்தே அறிந்தவர்கள். பொறியை நிறுத்துமுன் மசகெண்ணெயிற் சிறிது பெற்றோலைக் கலந்து இளக்கிவைப்பார்கள்; காலையிற் பொறி சூடேறியதும் அப்பெற்றோல் ஆவியாகிப் போய்விடும். அவர்களது புகழ்பெற்ற டாங்கியில், பற்றறி சோர்ந்த வேளையிலும் பொறியைத் தொடக்க அமுக்கக் காற்றுக் கலங்கள் வைக்கப்பட்டிருந்தன. பொறியமைப்பின் மேன்மையைப் போலவே முன்னறிவும் அங்கே வெற்றிக்குத் துணைநின்றது.

அப்போரிற் சோவியத் நாட்டுக்கு உதவிப் பொருள்களை ஏற்றிக்கொண்டு, 1941 ஆகஸ்ட் முதல் நேசநாட்டு வணிகக் கப்பல்கள் ஐஸ்லாந்திலிருந்து வடதுருவக் கடல் வழியாகச் சென்றன. ஆர்க்கேஞ்சல் துறை குளிர்காலத்தில் உறைந்துவிடும். வெந்நீரோட்டத்தின் அருளால் உறையாது கிடந்த மூர்மான்ஸ்க் துறையே மாரியில் அவற்றுக்குப் புகலிடம். இவ்வணிகக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்ற போர்க்கப்பல்களே பின்னர்க் கோணமலைக்கு வந்தவற்றுட் சில.

அக்கடலிற் பொறிகளைக் காத்த முறையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். அலையின் திவலை கப்பலின் மேற்றளத்தில் விழுந்தவுடன் உறையும். கயிறு, கம்பி, பீரங்கி, படகு யாவும் பனிக்கட்டி பூண்டு பருக்கும். பல தொன் பனி மேலே ஏறிவிட்டால், சிறிய கப்பல் நிலைகுலைந்து கவிழவுங்கூடும். ஆதலால் மாலுமிகள் கோடரியும் சம்மட்டியும் கொண்டு இரவும் பகலும் பனியை வெட்டி வீசினர். நீராவிக் குழாயாற் பீய்ச்சி உருக்கினர். பீரங்கிகளின் மசகெண்ணெய் உறையாத வகையதாக மாற்றப்பட்டது. மேற்றளத்தின் குழாய்களைத் துணியாலும் கல்நாராலும் சுற்றினர். சிலவற்றின் அருகே நீராவிக் குழாய்களை ஓடவிட்டனர். கப்பலின் அடித்தட்டிலுள்ள உலை எண்ணெய், பனிநீருக்கும் அதற்கும் இடையே ஓர் இரும்புத் தகடே தடையாக இருந்தமையால், தார்போல் இறுகும். தாங்கிகளுக்குள் நீராவிச் சுருள்களை அமைத்து அதனை இளக்கினாலன்றிப் பம்பி இழுக்காது. கடல்நீரை உள்ளிழுக்கும் வாய்களில் நொறுங்கிய பனி அடைத்துக்கொண்டால் ஒடுக்கிகள் வேலைசெய்யா. ஒடுக்கி நின்றாற் சுழலியும் நிற்கும். அவ்வாய்களிலும் நீராவியைச் செலுத்திக் காத்தனர்.

இவ்வளவு நீராவியும் எங்கிருந்து வந்தது? கொதிகலனிலிருந்தே வந்தது. ஆகவே, நங்கூரமிட்டு நிற்கும் வேளையிலும் கொதிகலனின் தீயை அவிப்பதற்கில்லை. பொறியறையிலுள்ளோர் முறைவைத்து விழித்திருந்து தீயைப் பேணினர். கடலில் எந்த நேரமும் ஒரு டோர்ப்பிடோ தகட்டைத் துளைத்து உள்ளே வரலாம். வந்தால் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்போர் தப்புவது அரிதினும் அரிது. மேலே நின்ற பீரங்கி வீரனுக்கு எதிரியைக் காணும் வாய்ப்பாவது உண்டு. கீழே நின்றவன் மானியின் முள்ளைத் தவிர வேறெதனையும் காணான். அவனது வெற்றி என்பது ஒன்றும் நிகழாதிருப்பதே. பொறி நிற்கவில்லை என்பதனை எந்த வரலாற்றாசிரியரும் ஒரு நிகழ்ச்சியாகக் குறிப்பதில்லை. நின்ற பொறியே ஏட்டில் இடம்பெறுகிறது. இவ்வகையில் வரலாறு சற்று நன்றிகெட்டதே.

ஏட்டில் இடம்பெற்ற ஒரு நிகழ்ச்சியை இங்கே கூறலாம். 1942 மார்ச் 29ஆந் திகதி, வணிகக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்ற டிரினிடாட் என்னும் பிரித்தானியக் குறூசர் எதிரிக் கப்பலொன்றை நோக்கி டோர்ப்பிடோவை ஏவியது. அது வளைந்து திரும்பி வந்து டிரினிடாட்டையே தாக்கிற்று. டோர்ப்பிடோவின் திசையை நிறுத்தும் நுண்பொறி கடுங்குளிராற் கெட்டதே காரணம் என்று கருதப்படுகிறது. தன் படைக்கலமே தன்மேற் பாயும்படி செய்தது ஒரு சிறு பொறியின் பிறழ்வு.

அந்நாட்களிற் பனிக்கடலில் இருந்தவற்றுள், 1942 யூலையிற் பெரும் அழிவுக்குள்ளாகி 24 வணிகக் கப்பல்களை இழந்த அணிக்குத் துணையாகச் சென்ற லண்டன் என்னும் குறூசரும், 1941இல் வடதுருவக் கடலில் உலாவிய நைஜீரியா என்னும் குறூசரும் குறிப்பிடத்தக்கவை. பிரஞ்சுப் பெருங்கப்பலான ரிஷ்லியூ 1943இன் இறுதியிற் பிரித்தானியத் தாய்நாட்டுக் கப்பற்படையிற் சேர்ந்து, நோர்வே நாட்டுக் கரையோரத்துக் குளிரில் மாரிகாலத்தைக் கழித்தது. விமானந்தாங்கிக் கப்பலான விக்டோரியஸ், 1944 ஏப்பிரல் 3ஆந் திகதி நோர்வேயின் வடகோடியில் ஒளிந்திருந்த டிர்ப்பிட்ஸ் என்னும் யேர்மன் போர்க்கப்பலைத் தாக்கிய விமானங்களை ஏவியவற்றுள் ஒன்று.

இவை நான்கும் 1944இல் திருக்கோணமலையைத் தளமாகக் கொண்ட கீழைக் கப்பற்படையிற் சேர்ந்து போரிட்டன. 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கிய பின்னர், கீழைக் கப்பற்படையின் பெரும்பகுதி ஆபிரிக்கக் கரையிலுள்ள கிளிந்தினி வரை பின்வாங்கியிருந்தது. அத்தாக்குதலின்போது சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களுள் ஒன்று எரிந்தழிந்தது. தொழிலாளர் பலர் நகரைவிட்டு அகன்றனர். 1944இன் தொடக்கத்திற் கப்பற்படை மீண்டபோது, அதனை வரவேற்றவை இரு போர்களுக்கும் இடையே பிரித்தானியர் அமைத்த அக்குதங்களே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளவல்ல அவை, காட்டுக்கிடையே வரிசை வரிசையாக நின்றன. ரிஷ்லியூ ஏப்பிரலில் வந்து சேர்ந்தது. அம்மாதம் 19ஆந் திகதியே சுமாத்திராவின் வடகோடியிலுள்ள சபாங் துறைமுகத்தைத் தாக்கிய அணியில் அது சென்றது. லண்டனும் நைஜீரியாவும் உடன்சென்றன. யூலை 25இல் அதே சபாங்கை மறுபடியும் தாக்கியபோது விக்டோரியஸ் உடனிருந்தது.

உறைந்த கடலிலிருந்து வந்தோர்க்கு இக்கடல் சொர்க்கமாகத் தோன்றியிருக்கும் என்று எவரும் எண்ணுவர். மேற்றளத்தில் நின்றவர்க்கு அவ்வாறே இருந்திருக்கலாம். பொறியறையில் நின்றவர்க்கு அப்படியன்று. வடகடலுக்கென்று கட்டப்பட்ட கப்பல்களிற் காற்றோட்டம் குறைவு. குளிரைத் தடுக்க வைத்த காப்புகள் இப்பொழுது சூட்டைத் தேக்கின. பொறியறையின் வெப்பநிலை 50 பாகையைக் கடப்பதும் உண்டு. வேர்வையோடு உடலின் உப்பும் கழிவதால், உப்பு மாத்திரைகளை விழுங்கியே பணியாற்றினர். மேலும், சுழலியிற் பாய்ந்து வெளிவரும் நீராவியைக் கடல்நீரே மீண்டும் நீராக ஒடுக்குகிறது. கடல் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நன்றாக வெற்றிடம் அமையும்; பொறியும் அவ்வளவு திறம்பட இயங்கும். பனிக்கடல் குழாய்களை உறைய வைத்தாலும் சுழலிக்கு நண்பனாகவே இருந்தது. 28 பாகை, 30 பாகை என்று நிற்கும் கோணமலைக் கடலோ மாலுமிக்கு இதமானது, சுழலிக்குப் பகை. அதே வேகத்துக்குக் கூடுதலான எண்ணெயை எரிக்க வேண்டியதாயிற்று.

வானூர்திப் பொறிகளில் இவ்வேற்றுமை இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. டிர்ப்பிட்ஸ் கப்பலின்மேற் குண்டு பொழிந்த பரக்குடா விமானங்கள் நோர்வேயின் குளிர்ந்த, அடர்ந்த காற்றில் நன்றாகவே பணியாற்றின. அதே வகை விமானங்கள் இலஸ்ற்றியஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலோடு இக்கடலுக்கு வந்தபோது, வெப்பத்தால் மென்மையுற்ற காற்றிலே பாரத்தோடு எழும்பத் தடுமாறின. அவற்றின் பறப்புத் தொலைவும் குறுகிற்று. 1944 மே 17ஆந் திகதி யாவாவிலுள்ள சுராபாயாவைத் தாக்கச் சென்றபோது, இலஸ்ற்றியஸ் பரக்குடாக்களை விடுத்து அமெரிக்க அவெஞ்சர் விமானங்களை ஏற்றிச் செல்லவேண்டியதாயிற்று. ஏப்பிரலில் ஒரு கடலிற் புகழ்பெற்ற விமானம், மே மாதத்தில் மறுகடலில் ஒதுக்கப்பட்டது.

துறைமுகத்தின் உள்ளேயும் விபத்து வரலாம் என்பதற்கு அவ்வாண்டு ஆகஸ்ட் 8ஆந் திகதி நிகழ்ந்தது சான்று. 50,000 தொன் பாரத்தைத் தூக்கவல்லதென அமைக்கப்பட்ட பெரிய மிதக்குந் துறைமேடை ஒன்று இங்கே நிறுத்தப்பட்டிருந்தது. வாலியன்ற் என்னும் போர்க்கப்பலை அதன்மேல் ஏற்றி உயர்த்தும்போது மேடை முறிந்து மூழ்கிற்று. கப்பலின் சுக்கானும் உந்துசக்கரங்களும் சேதமுற்றன. ஊனமுற்ற வாலியன்ற் சுயஸ் கால்வாய் வழியாகத் தாயகம் திரும்ப முயன்று, அங்கே தரைதட்டிப் பின்வாங்கி, ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே பிரித்தானியாவை அடைந்தது. பெருங்கப்பலைப் போரிலிருந்து விலக்கும் அளவுக்கு எதிரியின் குண்டு எதுவும் தேவைப்படவில்லை. அமைதியான குடாவின் நடுவே ஒரு செப்பனிடும் பணி பிசகியதே போதியதாயிற்று. 

கப்பல்களின் கதை இங்கே நிற்க. வெப்பநாட்டினர் பனிநாட்டிற் பொறிகளைக் காக்கச் சென்ற மறுபக்கமும் ஒன்றுண்டு. அது போர் முடிந்து மூன்றாண்டுகளில் இமயத்திலே நிகழ்ந்தது. அதிற் பங்குகொண்டோருட் பலர் தமிழர் என்பதால் இத்துறைமுகத்தின் மக்களுக்கும் அது புறம்பானதன்று.

1948இற் காஷ்மீரப் போரின்போது லடாக் பகுதிக்குச் செல்லும் முக்கிய வாயிலான சோஜிலாக் கணவாய் எதிரிகளின் கையில் இருந்தது. 11,500 அடி உயரத்திலுள்ள அக்கணவாயைக் காலாட்படையாற் கைப்பற்றச் செய்த முயற்சிகள் செப்டெம்பரிலே தோற்றன. தளபதி திம்மையா டாங்கிகளைக் கொண்டு தாக்க முடிவுசெய்தார். அவ்வளவு உயரத்துக்கு டாங்கி சென்றதாக எவரும் கேட்டதில்லை. கோவேறு கழுதை செல்லும் பாதையை ஏறத்தாழ 15 தொன் எடையுள்ள வண்டி செல்லும் பாதையாக்க வேண்டும். அப்பணியைச் செய்தவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியற் படையினர். மேஜர் தங்கராஜு அவர்களை வழிநடத்தினார். தம்மைத் தாமே ‘தம்பி’ என்று அழைத்துக்கொள்ளும் அப்படையினர் தென்னாட்டின் கொதிக்கும் சமவெளிகளிற் பிறந்தவர்கள். எதிரியின் குண்டு விழும் மலைச்சரிவிலே, விரல் மரத்துப்போகும் குளிரிலே, பாறையை வெடிவைத்துப் பிளந்தனர்.

டாங்கிகள் ஜம்முப் பகுதியிலிருந்து இரகசியமாகக் கொண்டுவரப்பட்டன. அடையாளம் தெரியாதிருக்கவும், வலுக்குறைந்த பாலங்களைக் கடக்கவும் அவற்றின் மேற்கூண்டுகள் கழற்றப்பட்டுத் தனியே சென்றன. தாக்குதலுக்குக் குறித்த நாள் ஒக்டோபர் 20. பனிப்புயல் வந்து தடுத்தது. அத்தகைய உயரத்திற் காற்று மூன்றிலொரு பங்கு குறைந்திருப்பதால் பொறி மூச்சுத் திணறும். குளிரோ முன்னர்க் கூறிய நான்கு வழிகளிலும் தாக்கும். நின்றிருக்கும் வண்டியை இடையிடையே இயக்கிச் சூடாக வைத்திராவிடிற் காலையில் அது அசையாது. நவம்பர் 1ஆந் திகதி பிற்பகல் ஏழாவது குதிரைப்படையின் ஸ்டுவர்ட் டாங்கிகள் கணவாய்க்குள் நுழைந்தபோது, அங்கிருந்த எதிரிகள் தம் கண்களையே நம்பவில்லை. திம்மையாவே முன்னணி டாங்கி ஒன்றில் இருந்தார். கணவாய் அன்றே வீழ்ந்தது. அம்மாத இறுதிக்குள் திராசும் கார்கிலும் கைப்பற்றப்பட்டு லடாக்குக்கு வழி திறந்தது. வென்றவை டாங்கிகள் என்று எழுதப்பட்டது. அது சரியே. ஆயினும் அவற்றுக்கு முன்னே சென்றவை கடப்பாரையும் மண்வெட்டியும் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

அதற்குப் பின்னரும் லடாக்கின் மாரி மாறவில்லை. அங்கே டீசலில் மெழுகு திரள்வதும், சாரதிகள் மண்ணெண்ணெய் கலப்பதும், எரிபொருட் தாங்கிக்கடியில் தீ மூட்டுவதும் நெடுங்காலம் நடந்தன. 1941இல் மொஸ்கோவின் புறத்தே செய்ததைப் பிந்திய தலைமுறைகளும் செய்துவந்தன. 2019 நவம்பரில் இந்தியன் ஒயில் நிறுவனம், பானிப்பட் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆக்கப்பட்ட குளிர்கால டீசலை லடாக்கில் விற்பனைக்கு விட்டது. உறைநிலைக்குக் கீழே 33 பாகை வரை ஓடுந்தன்மை கெடாத எண்ணெய் அது.

அதே நிறுவனத்தின் கிளையே 2003 முதல் சீனக்குடாவின் கீழ்க் குதங்களை நடத்திவருகிறது. பிரித்தானியர் 1957 ஒக்டோபரிற் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்ற பின், மேட்டிலுள்ள குதங்களுட் பெரும்பாலானவை பல்லாண்டுகள் வெறுமையாகவே நின்றன. மரங்கள் அவற்றைச் சூழ்ந்து வளர்ந்தன. 2022 சனவரியிற் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி எஞ்சியுள்ள 99 குதங்களுள் 14 அந்நிறுவனத்திடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும் இருக்க, ஏனைய 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனமொன்றுக்கு ஒதுக்கப்பட்டன. 1942இல் எரிந்த குதத்தின் உருகி நெளிந்த இரும்புத் தகடுகள் அவற்றினிடையே அப்படியே விடப்பட்டுள்ளன.